30 வினாடிப் பூட்டு: பழைய ஆல்ட்டோவில் ரிமோட் போட்டு நான்கு ஆண்டுகள்

சென்ற வாரம் நள்ளிரவில் என் காரின் பூட்டுகள் தாமாகவே டக், டக்கென்று அடித்துக்கொண்டு தெருவையே எழுப்பிவிட்டன. மறுநாள் மதுரை ஆரப்பாளையத்தில் 450 ரூபாய் கொடுத்துச் சரிசெய்துகொண்டு திரும்பும்போது, பழைய வேகன் ஆர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அழைத்து, ரிமோட் பூட்டு போடலாமா என்று கேட்டார். அவருக்கு அப்போது சொன்ன பதிலில் சூடு அதிகம். இதை நிதானமாக எழுத முயல்கிறேன்.

என்னுடையது 2008ஆம் ஆண்டு ஆல்ட்டோ. நான்கு கதவுகளையும் தனித்தனியே பூட்ட வேண்டிய அடிப்படை மாடல். 2021இல் கதவுப் பூட்டுகளை நகர்த்தும் நான்கு மோட்டார்கள், டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, இரண்டு ரிமோட்டுகள் கொண்ட செட்டைக் கூலியோடு சேர்த்து 3,400 ரூபாய்க்குப் பொருத்தினேன். கடையில் இதற்குக் ‘கீலெஸ் என்ட்ரி’, அதாவது சாவியில்லா நுழைவு, என்று பெயர். வண்டியைக் கிளப்பவும் சாவி வேண்டும், டிக்கியைத் திறக்கவும் சாவி வேண்டும் என்பதால் அந்தப் பெயர் கொஞ்சம் தாராளமானதுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாசி வீதிகளில் எங்கோ கிடைத்த இடுக்கில் வண்டியை நிறுத்திவிட்டுப் பாதி தூரம் நடந்த பிறகு, பின்கதவைப் பூட்டினோமா என்ற ஐயத்தில் திரும்பி ஓடிய காலம் முடிந்தது. பொத்தானை அழுத்தினால் இண்டிகேட்டர்கள் சிமிட்டிப் பதில் சொல்லிவிடுகின்றன. நான் எதிர்பாராதது இன்னொன்று: ஓட்டுநர் கதவில் சாவியைத் திருப்பினாலும் நான்கு கதவுகளும் பூட்டிக்கொள்கின்றன. அந்தக் கதவின் மோட்டாருக்கு மட்டும் ஐந்து ஒயர்கள், மற்றவற்றுக்கு இரண்டிரண்டு. கூடுதலான மூன்றும் உள்ளே இருக்கும் சிறு சுவிட்சுக்கு உரியவை. பூட்டு எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை அவை பெட்டிக்குத் தெரிவிக்க, பெட்டி மின்சாரத்தின் திசையை மாற்றி மற்ற மூன்று மோட்டார்களையும் அதே பக்கம் தள்ளுகிறது. ரிமோட்டின் 12 வோல்ட் பேட்டரி இரண்டு முறை தீர்ந்தபோதும் எனக்கு ஒரு நாள்கூடச் சிரமம் இல்லை.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். ரிமோட்டில் திறந்த பிறகு 30 வினாடிக்குள் எந்தக் கதவும் திறக்கப்படாவிட்டால், தவறுதலாகப் பொத்தான் அழுந்தியிருக்கும் என்று கருதிப் பெட்டி மீண்டும் பூட்டிவிடும். ஏற்பாடு நல்லதே. ஆனால் கதவு திறந்ததைப் பெட்டி அறிவது, உள்விளக்கை எரியவைக்கும் கதவு சுவிட்சின் வழியாக. என் வண்டியிலோ அந்தச் சுவிட்ச் முன்கதவுகளுக்கு மட்டுமே உண்டு. பின்கதவை அகலத் திறந்து வைத்தாலும் பெட்டியைப் பொறுத்தவரை யாரும் எதையும் திறக்கவில்லை. அம்மா பின்கதவைப் பிடித்தபடி மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்போதே டக்கென்று பூட்டு விழும். "யாருப்பா பூட்டுறது?" என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்பார், நான்கு ஆண்டுகளாக நானும் ஒரே விளக்கத்தைச் சொல்லி வருகிறேன்.

அழகர்கோவிலில் நடந்தது அதைவிட மோசம். தரிசனம் முடிந்து வந்து, ரிமோட்டில் திறந்து, பின்கதவைத் திறந்து, பிரசாதத் தோசைப் பொட்டலத்தையும் சாவியையும் இருக்கையில் வைத்தேன். அம்மா கால் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லித் திரும்பினார். அங்குள்ள குரங்குகளிடம் தோசையை நம்பி விட முடியாது என்பதால் கதவைச் சாத்தினேன். டக். சாவி உள்ளே, ரிமோட் உள்ளே, தோசை உள்ளே. வெளியே நானும் அம்மாவும் பானெட்டின் மேல் ஒரு குரங்கும். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் வந்து, இரும்பு அடிக்கோல் ஒன்றால் இரண்டே நிமிடத்தில் திறந்துவிட்டார். திருட்டுக்கு எதிராக இந்தப் பூட்டின் மதிப்பு என்ன என்பதும் அன்று விளங்கியது.

சென்ற வாரப் பழுதுக்குக் காரணம் பொருத்தியவரின் அலட்சியம். கதவுக்கும் அது மாட்டியிருக்கும் தூணுக்கும் இடையே ஒயர்களை ரப்பர் குழாய்க்குள் விட்டிருக்க வேண்டும். அவர் துளையிட்டு வெறுமனே இழுத்துவிட்டிருந்தார். திறந்து மூடும்போதெல்லாம் தகட்டின் விளிம்பில் உரசி ஒன்று அறுந்தேவிட்டது. ஓட்டுநர் கதவு மோட்டாரின் சுவிட்ச் ஒயர்கள் தோல் உரிந்து ஒன்றையொன்று தொட, பெட்டி அதை யாரோ சாவியைத் திருப்புவதாக எடுத்துக்கொண்டது. "இத்தன வருசம் ஓடுனதே பெருசுண்ணே" என்றார் ஆரப்பாளையத்து எலக்ட்ரீஷியன். பின்கதவுகளுக்கும் சுவிட்ச் வைத்து இணைத்துவிட்டால் 30 வினாடித் தொல்லை தீரும் என்றும் சொன்னார். தூணில் இன்னொரு துளை என்றதும் வேண்டாம் என்றுவிட்டேன்.

நண்பருக்கு என் பதில்: போடாதீர்கள். மீறிப் போடுவதானால், ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும் ரோலிங் கோடு ரிமோட்டாகக் கேட்டு வாங்குங்கள். நிலையான குறியீட்டைக் காற்றில் பிடித்து மறுபடி அனுப்பியே கதவைத் திறந்துவிடலாம். நான்கு கதவுகளுக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று உள்விளக்கை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். ரப்பர் குழாயைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

நான் என்னுடையதைக் கழற்றப்போவதில்லை. மாற்றுச் சாவி மட்டும் அழகர்கோவிலுக்குப் பிறகு அம்மாவின் முந்தானை முடிச்சில் இருக்கிறது; திருப்பிக் கேட்டால் தர மறுக்கிறார்.