316னு சொல்லி 201 பைப்ப தலையில கட்டுறாங்க, டர்பன் மக்களே உஷார்

தென்னாப்பிரிக்கா டர்பன்ல கடலோரமா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை பண்றவங்க, வீட்டுக்கு கேட், ஹேண்ட்ரெயில் போடப்போறவங்க எல்லாரும் இத ஒரு தடவ படிச்சிடுங்க. 201, 304, 316ங்கறதெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல வேற வேற ரகம். கம்ப்ளைன்ட் ஓடிட்டிருக்கு, அதனால பைப் வித்த கடை பேர் போடல.

நாங்க சின்னதா ஒரு ஒர்க்‌ஷாப் வச்சு பால்கனி சீலிங்ல தொங்குற துணி காயப்போடுற ராக் பண்றோம், உம்லாங்கா பக்கம் கடலைப் பாத்த ஃபிளாட்டுங்கதான் முக்கால்வாசி கஸ்டமர். மழை படாத இடம்தானே, துரு பிடிக்காதுன்னு நினைப்பாங்க, ஆனா அதுதான் மோசமான இடம், வெட்டவெளில இருக்குற பைப்ப மழையாவது கழுவிவிடும், கூரைக்கடியில உப்புக்காத்து கொண்டுவர்ற உப்பு படிஞ்சுக்கிட்டே இருக்கும். ஸ்டெயின்லெஸ்ஸ காப்பாத்துறதே மேல இருக்குற மெல்லிசான குரோமியம் ஆக்சைடு படலம்தான், உப்புல இருக்குற குளோரைடு அதுல அங்கங்க பொத்தல் போட்டுடும். 316ல 2லேர்ந்து 3 சதவீதம் மாலிப்டினம்ங்கற உலோகம் இருக்குறதால அது தாங்கும், 304ல அது கிடையாது. அதனாலதான் பைப் கடைக்கு டிராயிங்லயே 316, பைப்போட சுவர் கனம் 1.2 மில்லின்னு எழுதிக் குடுத்தோம்.

சேல்ஸ் ஆளு பாக்கெட்லேர்ந்து காந்தத்த எடுத்து பைப்ல வச்சு "பாருங்க அண்ணா, ஒட்டல, ஒரிஜினல்"னு காட்டினாரு, கூடவே "மத்த ஸ்டெயின்லெஸ்ஸ விட இது ஸ்ட்ராங்"னும் சொன்னாரு. எந்த ரகம்னு காட்டுற சர்டிஃபிகேட் கேட்டதுக்கு மெயில்ல வந்துச்சு, 316னுதான் இருந்துச்சு.

மழைக்காலம் முடியுறதுக்குள்ள ஒரு ஆன்ட்டி போன் பண்ணி "தம்பி, வெள்ளை டவல் பூரா பழுப்புக் கோடு"ன்னாங்க. போய்ப் பாத்தா வெல்டு பக்கத்துல மட்டும்னா சரி, வெல்டுக்கப்புறம் ஆசிட் கிளீனிங் சரியா பண்ணலன்னு எங்கள சொல்லலாம், ஆனா வெல்டே இல்லாத நேர் பைப் நடுவுலயும் டீ சிந்துன மாதிரி கறை, துடைச்சா அடியில புள்ளி புள்ளியா குழி.

வெட்டுன துண்ட எடுத்துக்கிட்டு ஸ்கிராப் யார்டுக்குப் போனோம், அவங்ககிட்ட எக்ஸ்ஆர்எஃப் கன் இருக்கும், வச்சு அழுத்துனா சில செகண்ட்ல கலவை என்னன்னு காட்டிடும். மாங்கனீசு 6 சதவீதத்துக்கு மேல, நிக்கல் 4 சொச்சம், மாலிப்டினம் இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுமில்ல. அசல் 201. நிக்கல் விலை ஜாஸ்திங்கறதால அதக் கொறச்சு மாங்கனீச ஏத்துன சரக்கு, வீட்டுக்குள்ள பாத்திரம், ஷெல்ஃபுக்கு ஓகே, கடல்காத்துக்கு ஆகவே ஆகாது. உலகத்துலயே அதிகமா குரோம் தாது தோண்டுற நாட்டுல உக்காந்துக்கிட்டு நமக்கு இந்த நிலமை.

சேல்ஸ் ஆளு காந்தம் ஒட்டலன்னதும் ஸ்ட்ராங்குன்னதும் பொய் இல்லங்கறதுதான் கடுப்பு. 201, 304, 316 மூணுமே காந்தத்துல ஒட்டாது, அதுலயும் வளைச்ச எடத்துல நல்ல 304 கூட லேசா ஒட்டும், இங்க நம்ம நாட்டுலயே உருவாக்குன 3சிஆர்12ங்கற ஸ்டெயின்லெஸ் ரகம் நல்லாவே ஒட்டும், அதுக்காக அது டூப்ளிகேட் இல்ல. ஸ்ட்ராங்குன்னதும் நிஜம்தான், 304, 316 ரெண்டையும் விட 201 அதிக லோடுக்கப்புறம்தான் நிரந்தரமா வளையும். ஆனா நாம கேட்டது துருவப் பத்தி. ஈரத்துணி போட்டா ராக் நடுவுல தொய்யுறதுக்கும் இந்த ஸ்ட்ராங் உதவாது, விறைப்பு எல்லா ஸ்டெயின்லெஸ்லயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், கனம்தான் பேசும். வெர்னியர் வச்சுப் பாத்தா 0.9 மில்லி!

சர்டிஃபிகேட்ட மறுபடி எடுத்துப் பாத்தோம், அதுல இருக்குற ஹீட் நம்பர் (எந்த உருக்குல வந்த ஸ்டீல்னு காட்டுற நம்பர்) வேற, மிச்சம் இருந்த பைப்ல அச்சடிச்ச ஹீட் நம்பர் வேற. யாருக்கோ வந்த பேப்பர எங்களுக்கு அனுப்பியிருக்காங்க. வாங்குறவங்க சரக்கு இறக்கும்போதே ரெண்டு நம்பரையும் ஒத்துப் பாருங்க, இன்வாய்ஸ்ல வெறும் ஸ்டெயின்லெஸ்னு போட்டா வாங்காதீங்க, 316னு எழுதச் சொல்லுங்க. மாலிப்டினம் டெஸ்ட் சொட்டு மருந்து கிடைக்குது, ஒரு சொட்டுல 316ஆ இல்லையான்னு தெரிஞ்சிடும். போல்ட் தலைய மட்டும் கண்ணாலயே பாக்கலாம், ஏ4னு இருந்தா 316 வகை, ஏ2ன்னா 304 வகை.

சண்டை போட வேண்டி வந்தா 2008ஆம் வருஷத்து கன்ஸ்யூமர் புரொடெக்‌ஷன் சட்டம் 56ஆம் பிரிவு இருக்கு, டெலிவரியான 6 மாசத்துக்குள்ள குறையுள்ள சரக்க திருப்பிக் குடுத்து ரிப்பேர், மாத்து, பணம் மூணுல எது வேணும்னு நாமதான் சொல்லணும், கடைக்காரர் இல்ல. வருஷ டர்ன்ஓவரும் சொத்தும் 20 லட்சம் ராண்டுக்குக் கீழ இருக்குற சின்ன கம்பெனிக்கும் இது செல்லும். நாங்க பணம்தான் கேட்டிருக்கோம். அவங்க இப்ப பாதித் தொகைக்கு கிரெடிட் நோட் தர்றேங்கறாங்க, அதே கடைல பைப் வாங்குறதுக்கு. யாருக்கு வேணும் அந்த கிரெடிட் நோட்டு?