“ஆட்டம் நீக்கப்பட்ட” ஃபெண்டர் பெடல்: பழைய ஸ்டீல் கிட்டார் சாமான் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

நான் வாங்கித் திருப்பி அனுப்பிய பெடல் (கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வைத்துக் காலால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிதி) மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. அதே படங்கள், அதே வாசகம். விலை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. விற்பவர் பெயரை இங்கே போடப்போவதில்லை. ஆனால் டெக்சஸ், டென்னசி பக்கம் பழைய ஸ்டீல் கிட்டார் (கம்பிகள் மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிப்பது) சாமான் தேடி அலையும் நம்மவர்கள் சிலர் இருக்கிறோம். அடுத்து அது உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

விளம்பரம் சொன்னது இது: 1950களின் ஃபெண்டர் வால்யூம்-டோன் பெடல், முழுதும் புதுப்பித்தது, பக்கவாட்டு ஆட்டம் நீக்கப்பட்டது, புது கன்ட்ரோல், கரகரப்பு கிடையாது. 300 டாலருக்கு மேல் கொடுத்தேன். ஆட்டம் நீக்கப்பட்டது என்றால் தேய்ந்த அச்சின் லொடலொடப்பைச் சரிசெய்திருக்கிறார் என்றுதானே எவரும் எடுத்துக்கொள்வார்கள்? அவர் நீக்கியது வேறு.

இந்தப் பெடலின் பலகைக்கு இரண்டு அசைவுகள் உண்டு. முன்னங்காலை அழுத்தினால் சத்தம் ஏறும், குதிகாலை அழுத்தினால் இறங்கும். அதே பலகையை இடம் வலமாகத் திருப்பினால் டோன் மாறும். ஒரு ஓரத்தில் கணீரென்று இருப்பது மறு ஓரம் போகப் போக மந்தமாகும். கலிஃபோர்னியாவில் பால் பிக்ஸ்பி செய்த பெடலும், ஓஹையோவின் டொலிடோவில் ரோ இண்டஸ்ட்ரீஸ் செய்த டிஆர்மண்ட் 610-உம் இதே ஏற்பாடுதான். மேலே திருகும் இல்லை, பொத்தானும் இல்லை. பக்கவாட்டில் அசைகிறதே, அந்த அசைவுதான் டோன் கன்ட்ரோல். அந்த இடத்தில் போல்ட் போட்டு இறுக்கி வைத்திருந்தார் மனிதர். துருத்தி ஆடுகிறது என்று ஆர்மோனியத்துக்கு ஆணி அடித்த கதை.

கவிழ்த்துப் பார்த்தால் இன்னும் மோசம். டோனுக்கான கன்ட்ரோல், அதாவது தடையைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர், இருந்த இடத்தில் வெறும் துளை. அதோடு சேர்ந்த கபாசிட்டரும் இல்லை. வால்யூமுக்குப் பளபளவென்று புதிது ஒன்று. கிட்டார் செருகும் ஜாக்கில் மல்டிமீட்டரை வைத்தேன்: தடை 24 கிலோ ஓம்.

எண் தெரிந்தவர்களுக்கு இதிலேயே கதை முடிந்துவிடும். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பலர் ஏமாறுவது இங்கேதான். பேட்டரி இல்லாத இந்தப் பெடல், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப்பிலிருந்து வருவதைத்தான் பங்கு போடுகிறது. பெடல் ஸ்டீல் (மிதிகளாலும் முழங்கால் லீவர்களாலும் சுருதி மாற்றும் ஸ்டீல் கிட்டார்) பிக்அப்கள் பல 15 முதல் 20 கிலோ ஓம் தடை வரும்படி கம்பி சுற்றியவை; என்னுடையது 18. அதன் முன்னால் 500 கிலோ ஓம் கன்ட்ரோல் வைத்தால் பெடலை முழுக்க அழுத்தியபோது 96 சதவீதத்துக்கு மேல் வெளியே போகும். இந்தப் பெடலில் இருந்ததுபோல் சுமார் 25 கிலோ ஓம் வைத்தால் 58 சதவீதம்தான் மிஞ்சும். இது வெறும் கம்பித் தடைக் கணக்கு. உச்ச ஸ்வரங்களில் பிக்அப்பின் தடை இன்னும் ஏறுவதால் அங்கே இழப்பும் கூடும், ஆக ஒலியின் மினுமினுப்பு முதலில் போய்விடும். 25 கிலோ ஓம் பெடல்கள் இருக்கின்றன, அவை கீபோர்டுக்கும் பேட்டரி வைத்த பிக்அப்புக்கும் உரியவை. சாதாரண பிக்அப்புக்கு 250 அல்லது 500 வேண்டும்.

அதோடு விட்டாரா? போட்டிருந்தது லீனியர் வகை, அதாவது நகரும் தூரத்துக்கு நேர் விகிதத்தில் தடை மாறுவது. காது சத்தத்தை உணரும் விதத்துக்கு ஏற்றது லாக் வகை, ஆடியோ டேப்பர் என்றும் சொல்வார்கள். லீனியரில் பாதி தூரத்திலேயே சத்தம் உச்சத்துக்கு 6 டெசிபல் குறைவு வரைக்கும் ஏறிவிடுகிறது. குதிகாலை லேசாக விட்டதும் சத்தம் குபீரென்று கிளம்பும், அதன் பிறகு அழுத்த அழுத்தப் பெரிதாக ஒன்றும் நடக்காது. சாதாரண கிட்டார்காரருக்கு இது சின்ன எரிச்சலாகத் தோன்றலாம். ஸ்டீல் வாசிப்பவருக்கு அந்தப் பெடல்தான் மூச்சு. கம்பியைத் தட்டும்போது பெடலைப் பாதியில் நிறுத்தி, ஒலி தேயத் தேயக் காலை முன்னே தள்ளி, ஸ்வரத்தை இழுத்துப் பிடிக்கிறோம். மேல் பாதியில் இடமே இல்லாத பெடலில் எதை இழுப்பது?

கேட்டேன். முதல் பதில், பழைய பெடல் என்றால் மந்தமாகத்தான் ஒலிக்கும், அதுதான் விண்டேஜ் ஒலி என்று வந்தது. அடுத்து என் ஆம்ப்ளிஃபயர் மேல் பழி. கழற்றிய பழைய பாகங்களையாவது அனுப்புங்கள் என்றதற்குக் குப்பையில் போட்டாகிவிட்டது என்றார். அந்தக் காலத்துக் கன்ட்ரோல்களைக் கிட்டார் புதுப்பிப்பவர்கள் தனியாக விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். டோன் அசைவைத் தெரிந்தே பூட்டிக்கொள்ளும் வாசிப்பாளர்கள் உண்டு. பெடல் ஸ்டீலில் வலது முழங்கால் லீவரைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது பாதத்தைத் திருப்பினால் முழங்காலும் கூடவே நகர்ந்து தொலைக்கும். அது அவரவர் வசதி. ஆனால் பூட்டிய பெடலை வால்யூம்-டோன் பெடல் என்று விற்கக் கூடாது. எனக்குக் கைகொடுத்ததும் அந்த வாதம்தான். ஒலி நன்றாக இல்லை என்று முறையிட்டிருந்தால் அது ரசனை விஷயம் என்று தள்ளியிருப்பார்கள். தலைப்பில் டோன் இருக்கிறது, பெட்டியில் டோன் இல்லை என்று வெற்றுத் துளையின் படத்தை அனுப்பினேன். விற்பனைத் தளம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, அனுப்பும் செலவு என் தலையில்.

வாங்குமுன் அடிப்பக்கப் படம் கேளுங்கள். கன்ட்ரோலின் முதுகில் இருக்கும் எண்ணும் அதில் தெரிய வேண்டும். முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளர்: 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ். அடுத்து ஆண்டு, பிறகு வாரம். 304 6212 என்றால் 1962-இன் 12-ஆவது வாரம். 1950களின் சரக்கில் ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான் இருக்கும். அது கன்ட்ரோலின் வயதுதான், பெடலின் வயது அல்ல. மாற்றியிருக்கிறார்களா என்பதற்குத் துப்பு மட்டும் கிடைக்கும்.

எதையும் செருகாமல், ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஜாக்கில் மீட்டர் வைத்து, குதிகாலிலிருந்து முன்னங்கால் வரை பெடலை மெல்ல நகர்த்திக் காணொளி எடுக்கச் சொல்லுங்கள். சுழியத்திலிருந்து முழு மதிப்பு வரை தாவாமல் ஏற வேண்டும். பாதி வழியில் முழு மதிப்பின் சரிபாதி காட்டினால் பெரும்பாலும் லீனியர். பிறகு ஒரு கம்பியை ஒலிக்கவிட்டு, பலகையை இடமிருந்து வலம் திருப்பும் காணொளி. டோன் மாறுவது கைப்பேசியிலேயே கேட்கும். கரகரத்தால் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் தூசு, கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பார்க்கலாம்.

இந்தக் காணொளியை அனுப்ப முடியாது என்று சொல்பவரிடம், வெறும் இரும்பு உடலுக்கு என்ன தருவீர்களோ அதற்கு மேல் ஒரு டாலர் தராதீர்கள்.