பீஸ் கட்டியதாக நினைத்தேன், வாங்கியது கடன்

அம்பத்தூரில் ஓர் ஆட்டோ உதிரிபாகக் கம்பெனியில் ஆறு வருடமாக குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை. கூடப் படித்தவன் டேட்டா அனலிஸ்ட் ஆகி என்னைவிட இரண்டு மடங்கு சம்பளம் வாங்குகிறான். சரி, நாமும் அதையே படிப்போம் என்று போன வருடம் வேளச்சேரி பக்கம் ஒரு டிரெயினிங் சென்டருக்குப் போனேன். வாசலிலேயே ‘100% வேலை உத்தரவாதம்’ என்று பெரிய போர்டு.

உள்ளே கவுன்சிலர் காபி வரவழைத்துக் கொடுத்தார். ஆறு மாத வார இறுதி வகுப்பு, ஜிஎஸ்டி உட்பட 84,000 ரூபாய். “மொத்தமா கட்ட வேண்டாம் சார், வட்டியே இல்லாம மாசம் 7,000, பன்னிரண்டு மாசம். இந்த ஆஃபர் இன்னைக்கு ஒருநாள்தான்.” பான், ஆதார், ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். ஓடிபி வந்தது, சொன்னேன். இன்னொன்று வந்தது, சொன்னேன். மூன்றாவதுக்கு மட்டும் “எதுக்குங்க இது?” என்று கேட்டேன். “ரெஜிஸ்ட்ரேஷன் சார்.” அது என் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் எடுக்க நான் கொடுத்த அனுமதி. பேர் தெரியாத ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் கடன் போட்டு, முழுப் பணத்தையும் சென்டருக்கு அனுப்பிவிட்டிருந்தது. பத்து நிமிட வேலை. மெசேஜைப் படிக்காமல் எண்ணை ஒப்பித்தது என் தப்பு, மறுக்கவில்லை.

முதல் மாதம் பாடம் நன்றாகவே போனது. அப்புறம் அந்த ஆசிரியர் நின்றுவிட்டார். இரண்டாவது ஆள் மூன்று வாரம். மூன்றாவதாக வந்த தம்பி முந்தைய பேட்சில் படித்தவர். டைட்டானிக் பயணிகள் பட்டியலை வைத்து, யார் பிழைத்திருப்பார்கள் என்று கணிக்கும் பயிற்சி. இது எல்லா ஆரம்பநிலை மாணவர்களும் இணையத்தில் இலவசமாகச் செய்வது. அவர் திரையில் போட்ட புரோகிராம் கோடின் முதல் வரியில் வேறு யாரோ ஒருவரின் பெயர் இருந்தது. “இது யாரு ப்ரோ?” என்று ஒருத்தர் கேட்டதும் அவசரமாகக் கீழே ஸ்க்ரோல் பண்ணினார். எங்கள் முப்பது பேர் ரெஸ்யூமிலும் அதே புராஜெக்ட்தான்.

வேலை? இரண்டு அழைப்பு வந்தது, இரண்டுமே லோன் விற்கும் டெலிகாலர் வேலை. போகாததால் ‘வாய்ப்பைத் தவிர்த்தவர்’ என்று எழுதிவிட்டார்கள். ஒப்பந்தத்தை அன்றுதான் முழுசாகப் படித்தேன். அதில் உத்தரவாதம் என்ற வார்த்தையே இல்லை, ‘வேலை தேட உதவி’ என்றிருந்தது. இதைவிட மோசம், இன்னும் 25,000 கொடுத்தால் இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் ‘ஏற்பாடு’ செய்வதாகச் சொன்னது. எனக்கு ஆறு வருடமாக பிஎஃப் ஓடுகிறது. யூஏஎன் (என் நிரந்தர பிஎஃப் எண்) வரலாற்றைப் பார்த்தால் எந்த மாதம் எங்கே இருந்தேன் என்று தெரிந்துவிடும். அந்தச் சான்றிதழோடு போனவன் வெரிஃபிகேஷனில் மாட்டுவான், இருக்கிற வேலையும் போகும்.

கோபத்தில் ஒரு தவணையை நிறுத்தினேன். செய்யாதீர்கள். வங்கி ஒரு பவுன்ஸ் சார்ஜ், நிதி நிறுவனம் ஒரு அபராதம், கூடவே கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோரும் இறங்கியது. வகுப்பு நடக்காவிட்டாலும் கடன் கடன்தான் என்று போனில் நிதானமாகச் சொன்னார்கள்.

எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது: இப்படி ஆப் வழியாக வாங்கும் கடனில், ரிசர்வ் வங்கி விதிப்படி ஆரம்பத்தில் ஒரு ‘கூலிங் ஆஃப்’ காலம் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி, தனி அபராதம் இல்லாமல் வெளியேறலாம். எத்தனை நாள் என்பது அவர்கள் தர வேண்டிய ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்’ என்ற கடன் விவரத் தாளில் இருக்கும். பயிற்சி மையங்கள் ‘100% வேலை’ என்று விளம்பரம் செய்யக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 2024 நவம்பரில் வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. அந்த போர்டை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நான் எடுத்தது தாமதமாகத்தான்.

இப்போது ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையத் தளத்தில் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி படிக்கிறேன். பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்குப் பணம். கடனில் நான்கு தவணை பாக்கி.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்த பிறகு சென்டரிலிருந்து வாட்ஸப் வந்தது: “சார், நீங்க போட்ட கூகுள் ரிவ்யூவை எடுத்துடுங்க, 15,000 திருப்பித் தர்றோம்.” அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவில் சேர்த்திருக்கிறேன். நாம் கட்டிய பணம் ஐந்து லட்சம் வரைக்கும் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.