அரசு செய்திமடலின் டிராக்கிங் லிங்க்: எதை அடைப்பது, எதைத் திறப்பது?

பை-ஹோல், அட்கார்ட் ஹோம் போன்ற டிஎன்எஸ் தடுப்பானை, அதாவது தளத்தின் பெயரைத் தேடும் கட்டத்திலேயே விளம்பரத் தளங்களையும் நம்மைக் கண்காணிக்கும் தளங்களையும் வீடு முழுக்க மறிக்கும் மென்பொருளை, வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. அரசுத் துறையிடமிருந்து மடல் வருகிறது. உள்ளே இருக்கும் லிங்க்கைத் தட்டினால், தளத்தை அடைய முடியவில்லை என்று உலாவி கைவிரிக்கிறது. அரசுத் தளத்தில் ஒரு கோளாறும் இல்லை. நடுவில் நின்று கிளிக்கைக் குறித்துக்கொள்ளும் டிராக்கிங் டொமைனை நம்முடைய தடுப்புப் பட்டியல் மறித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் நடுவில் நிற்பது பெரும்பாலும் கவ்டெலிவரி. 2016-இல் கிரானிகஸ் நிறுவனத்தோடு இணைந்த தனியார் சேவை இது. வரித் துறையான ஐஆர்எஸ், நோய்த் தடுப்பு மையமான சிடிசி உட்பட ஏராளமான அலுவலகங்கள் இதன் வழியாக மடல் அனுப்பியிருக்கின்றன. மடலில் உள்ள லிங்க்கைத் தட்டினால் முதலில் இவர்களுடைய சர்வருக்குப் போகும். எந்த மடலிலிருந்து எந்த லிங்க் தட்டப்பட்டது என்பது அங்கே பதிவான பிறகுதான் அரசுத் தளம் வரும். கடன் நிவாரணம், போதை மீட்பு, தொற்றுநோய்ச் சிகிச்சை என்று ஒருவர் எதைத் தேடிப் படிக்கிறார் என்பது இன்னொருவர் பதிவேட்டில் ஏற வேண்டிய அவசியமே இல்லை. அதனால் அடைப்பதில் தவறில்லை. எப்படி அடைப்பது என்பதில்தான் சிக்கல்.

முதல் வழி, அந்த டொமைனை ஒயிட்லிஸ்ட் செய்வது, அதாவது தடுக்காதே என்று விலக்கு கொடுப்பது. பலரும் செய்வது இதைத்தான். எளிது, உடனே வேலை செய்யும். ஆனால் டிஎன்எஸ்ஸுக்குத் தெரிவது டொமைன் பெயர் மட்டும்; அதற்குப் பின்னால் வரும் முகவரி அதன் கண்ணில் படாது. ஒரு மடலுக்காகத் திறந்தால், அந்தச் சேவை அனுப்பும் எல்லா மடல்களுக்கும், வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் திறந்ததாகிவிடும். இதில் ஒரு நல்ல இடைவழி உண்டு: பை-ஹோலின் 5-ஆம் பதிப்பிலிருந்து கருவிகளைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு விதி வைக்கலாம். வெள்ள எச்சரிக்கையையும் ஓய்வூதிய அறிவிப்பையும் மடலிலேயே எதிர்பார்க்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் போனுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். திறக்காத லிங்க்கோடு அவர்களை மல்லுக்கட்ட விடுவது நியாயமில்லை.

நேர் எதிர் தவறும் நடக்கிறது. கவ்டெலிவரி டொமைனை அதன் துணை டொமைன்களோடு சேர்த்து மொத்தமாக மறித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மடலை வலைப்பக்கமாகக் காட்டும் துணை டொமைனும், சந்தாவை மாற்றும் பக்கமும் சேர்ந்தே போய்விடும். அப்புறம் மடலே வேண்டாம் என்று விலகக்கூட வழி இருக்காது. கிளிக்கை எண்ணும் துணை டொமைனை மட்டும் அடைத்தால் போதும்.

இரண்டாவது வழி, தடுப்பை உலாவிக்கு மாற்றுவது. எனக்கு இதுதான் பிடித்தது. யூபிளாக் ஆரிஜின் என்ற உலாவி நீட்சி ஒரு பக்கத்தைத் தடுக்கும்போது முழு முகவரியையும் காட்டி, இந்த ஒரு முறை போகட்டுமா என்று கேட்கும். முடிவு உங்கள் கையில். பின்னர் இன்னொரு வசதியும் வந்தது. லிங்க்குக்குள்ளேயே சேருமிடம் எழுதப்பட்டிருந்து, அந்த வகைக்கு விதியும் இருந்தால், டிராக்கிங் சர்வரைத் தொடாமலே நேராக அங்கே கொண்டுபோய்விடும். ஒன்றை மறக்காதீர்கள்: அதே டொமைன் டிஎன்எஸ்ஸிலும் தடைபட்டிருந்தால், போகட்டும் என்று உலாவியில் சொல்வதால் பயனில்லை. மடல் செயலி தனக்குள்ளேயே பக்கத்தைத் திறந்தாலும் இந்த நீட்சி அங்கே வராது.

மூன்றாவது, கையாலேயே பிரிப்பது. கவ்டெலிவரி லிங்க்குகளில் ஒரு வகையைக் காப்பி செய்து பாருங்கள். நீண்ட முகவரியின் நடுவில் ஐஆர்எஸ் தளத்தின் பெயர் அப்படியே தெரியும். சாய்கோடு வர வேண்டிய இடத்தில் சதவிகிதக் குறியும் 2-உம் எஃப் எழுத்தும் நிற்கும். அவற்றைச் சாய்கோடாக மாற்றி, முன்னும் பின்னும் வெட்டினால் உண்மையான முகவரி கையில். இன்னொரு வகையில் இ, ஒய், ஜே என்று தொடங்கும் எழுத்துக் குவியல் இருக்கும். பேஸ்64 என்ற குறியீட்டு முறையில் எழுதிய ஜேசான் (தகவலைப் பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவம்) இது. புள்ளிகளுக்கு நடுவே உள்ள துண்டை டிகோட் செய்தால், அதாவது சாதாரண எழுத்துக்கு மாற்றினால், சேருமிடம் வெளிவரும். அவசரத்துக்கு ஒன்றிரண்டு லிங்க் என்றால் சரி, தினமும் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது.

மடல் செயலிகள் தரும் பாதுகாப்பு இங்கே அதிகம் உதவாது. 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த மடல் பாதுகாப்பு, மடலில் ஒளித்திருக்கும் படத்தால் உங்களைக் கவனிப்பதைத்தான் தடுக்கும். லிங்க்கைத் தட்டினால் அந்தக் கவசம் இல்லை.

ஆர்எஸ்எஸ், அதாவது புதிய பதிவுகளை ஒரு வாசிப்புச் செயலி தானே எடுத்துக்கொள்ளும் ஃபீட், கிடைக்கும் துறைகளுக்கு மடலே தேவையில்லை. பிரிட்டன் அரசின் கவ்.யூகே தளத்தில் அதே போன்ற ஆட்டம் ஃபீட் இருக்கிறது. அமெரிக்க வானிலைச் சேவையின் எச்சரிக்கைகளும் ஃபீடாக வருகின்றன. நீங்கள் எதைத் திறக்கிறீர்கள் என்பதைச் சந்தாதாரர் அடையாளத்தோடு இணைக்க அங்கே வழியில்லை.

கவ்.யூகே-யை இன்னொரு காரணத்துக்காகவும் பார்க்க வேண்டும். அவர்களுடைய நோட்டிஃபை சேவை, மடலைத் திறந்தார்களா, லிங்க்கைத் தட்டினார்களா என்று அனுப்பும் அலுவலகத்துக்குச் சொல்வதே இல்லை. லிங்க்குகளும் அரசு டொமைனுக்கே நேராகப் போகின்றன. எந்த மடலிலிருந்து வந்தது என்று குறிக்கும் யூடிஎம் வால்கள் முகவரியின் கடைசியில் ஒட்டியிருக்கும்தான், ஆனால் அவற்றை வெட்டிவிட்டாலும் பக்கம் திறக்கும். கவ்டெலிவரி பயன்படுத்திய சுருக்க டொமைனோ ஜிடி என்று முடிகிறது. அது கிரெனடா நாட்டின் குறியீடு. முகவரி டாட் கவ் என்று முடிகிறதா பார் என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அமெரிக்க அரசு, தன் மடலிலேயே அப்படி ஒரு லிங்க்கை அனுப்பினால் ஏமாற்று மடலை அவர்கள் எதை வைத்து அடையாளம் காண்பார்கள்? உங்களுக்கு மடல் அனுப்பும் துறைக்கு இதைச் சுட்டிக்காட்டி நாலு வரி எழுதுங்கள். கிளிக் எண்ணிக்கை வேண்டுமென்றால் தங்கள் சொந்தத் தளத்தின் சர்வர் பதிவிலேயே, ஆள் அடையாளம் இல்லாமல் அவர்களால் எண்ணிக்கொள்ள முடியும்.