தோல் சீட்டைப் புதிதாக்கித் தருவதாக வந்தவர் துடைத்தெடுத்தது அழுக்கை அல்ல

தாம்பரத்தில் எங்கள் குடியிருப்பில் கூரையில்லாத இடத்தில்தான் என் கார் நிற்கிறது. 2014ஆம் ஆண்டுத் தயாரிப்பான அந்த வண்டியை மூன்றாவது உரிமையாளராக நான் வாங்கியபோதே, ஓட்டுநர் சீட்டின் வலப்பக்க விளிம்பில், ஏறி இறங்கும்போது தொடை உரசும் இடத்தில், பழுப்பு நிறம் தேய்ந்து உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய தோல் தெரிந்தது. வேறு குறையில்லை. அதை அப்படியே விட்டிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலை இருந்திருக்காது.

வீட்டுக்கே வந்து தோல் சீட்டைப் புதிதாக்கித் தருவதாகக் கைபேசியில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து அழைத்தேன். முன்சீட்டுகள் இரண்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் சேர்த்து 7,500 ரூபாய் என்றும், பாதியை முன்பணமாகத் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். ரசீது கேட்டதற்கு வாட்ஸப்பில் அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்றுவரை வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு ஒருவர் வந்தார். பெயர்ச்சீட்டு இல்லாத பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து ஏதோ ஒரு திரவத்தைத் துணியில் நனைத்துச் சீட்டை அழுத்தித் துடைத்தார். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி வண்டிக்குள் நிறைந்தது. துணி பழுப்பாக மாறியதும் என்னிடம் விரித்துக் காட்டி, “பாருங்க சார், பத்து வருஷ அழுக்கு” என்றார். நானும் வெட்கத்தோடு தலையாட்டினேன். அவர் காட்டியது அழுக்கல்ல, என் சீட்டின் நிறப்பூச்சு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதன்பின் ஸ்ப்ரே கன்னால் இரண்டு முறை பூச்சு அடித்தார். தையல்களுக்கு மறைப்பு நாடா ஒட்டாததால் சந்தன நிற நூல் முழுவதும் பழுப்பானது. காற்றோட்டத்துக்காகச் சீட்டின் நடுவே இருக்கும் சிறு துளைகளும் அடைபட்டன. கடைசியாக ஒரு எண்ணெய்ப் பசையைத் தேய்த்து மினுக்கிவிட்டு, “ஜெர்மன் மருந்து சார், அஞ்சு வருஷம் தாங்கும்” என்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, ஒன்றரை மணிக்கெல்லாம் மீதிப் பணத்தோடு போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் ஒரு திருமணத்துக்குப் போகும்போது என் மாமனார் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். மண்டப வாசலில் இறங்கியவர் வேட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை, சீட்டுக்குச் சாயமா போட்டிருக்கீங்க?” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு அதிகம் உறைத்தது. மூன்று வாரத்துக்குள், உட்காரும்போது மடங்கும் இடங்களிலெல்லாம் வறண்ட ஏரியின் வண்டலைப் போலப் பூச்சு வெடித்து, செதில் செதிலாகப் பேன்ட்டில் ஒட்டத் தொடங்கியது. அழைத்தபோது, வெயிலில் வண்டியை நிறுத்தியது என் தவறு என்றார்கள். அடுத்த அழைப்பை எடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் கொடுக்க நினைத்தபோதுதான், ரசீதோ கடை முகவரியோ என்னிடம் எதுவும் இல்லை என்பது உறைத்தது.

ஆம்பூரில் தோல் தொழிற்சாலையின் ஃபினிஷிங் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்த நண்பர் வந்து பார்த்துத்தான் நடந்ததை விளக்கினார். கார் சீட்டுத் தோல்களில் பெரும்பாலானவற்றின் மேல் நிறப்பூச்சும், அதற்கு மேல் நிறமற்ற பாலியூரித்தேன் பூச்சும் இருக்கும். நாம் தொடுவது அந்தப் பூச்சைத்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது, ஊறிக் கறுத்தால் போய்விட்டது என்று பொருள். தின்னர் போன்ற திரவங்கள் அதைக் கரைத்துவிடும். அழுக்கெடுக்க மிதமான சோப்பு நுரையும் மென்மையான பிரஷ்ஷுமே போதும். வளையும் பரப்பின் மேல் வளையாத பெயின்ட்டை அடித்தால் வெடிப்பது இயல்பு. இன்னொன்றையும் காட்டினார்: சீட்டின் பக்கவாட்டும் முதுகும் தோலே அல்ல, ரெக்சின். தோல் வேலைக்கான கூலியை அதற்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

அவர் சொன்னபடி இரண்டு விடுமுறை நாட்களில் நானே சரிசெய்தேன். பெயர்ந்துகொண்டிருந்த பூச்சைப் பொறுமையாக உரித்து, விளிம்புகளை மெல்லிய உப்புத்தாளால் சமன்செய்து, எண்ணெய்ப் பசை போக ஐசோபுரொபைல் ஆல்கஹாலை லேசாகத் தொட்டுத் துடைத்தேன். வெடிப்புகளில் வளையும் தன்மையுள்ள ஃபில்லரை நிரப்பி, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட தோல் நிறமியை ஸ்பான்ஜால் ஒற்றி ஒற்றி, ஒவ்வொரு முறையும் உலரவிட்டு, ஐந்து மெல்லிய பூச்சுகளாகக் கொடுத்து, அதன் மேல் நிறமற்ற டாப் கோட் பூசினேன். துளைகளை ஊசியால் ஒவ்வொன்றாகத் திறக்கவே ஒரு மாலைப்பொழுது போனது. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருப்பதால், அது விரியும் தையலில் ஃபில்லரோ பசையோ படாமல் விட்டுவிட்டேன். அந்த மனிதர் அதன் மேலும் தாராளமாக அடித்திருந்தார். எனக்கு ஆன செலவு 2,300 ரூபாய். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறம் சற்று வேறுபடத்தான் செய்கிறது, ஆனால் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தாலும் எதுவும் ஒட்டுவதில்லை.

வேலைக்கு ஆளை அழைப்பவர்கள், அவர் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் சீட்டின் அடியில், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். துணியில் சீட்டின் நிறமே ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வண்டி ஒரு வாரம் வெயிலில் நின்ற பிறகு மீதிப் பணத்தைத் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். அதே விளம்பரம் இப்போது வேறொரு எண்ணுடன் சுற்றுகிறது. அதில் வேலைக்குப் பின் எடுத்ததாகப் போட்டிருக்கும் படம் என் வண்டியின் சீட்டுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் மினுக்கோடு எடுத்தது, சந்தன நூல் பழுப்பாகியிருப்பது அதிலேயே தெரிகிறது.