மொட்டைமாடிப் பறவைக்கு எது போதும்: பைனாகுலரா, ஜூம் கேமராவா, பெரிய லென்ஸா?

திருநெல்வேலியில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் ஒரு நெட்டிலிங்கம், ஒரு வாதாமரம், அடுத்த மனையில் ஒரு முருங்கை, கொஞ்சம் தள்ளி இரண்டு பனை. நான் பார்க்கும் பறவைகளும் வௌவால்களும் பெரும்பாலும் இவ்வளவு இடத்துக்குள்தான். "பறவைப் படம் எடுக்க எதை வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்பவர்களுக்கும் பெரும்பாலும் இப்படி ஒரு மாடியோ தெருவோதான் இருக்கிறது. ஆனால் கடைக்குப் போனதும் எத்தனை மடங்கு ஜூம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வீட்டுப் பக்கத்தில் பறவை எட்டாத தூரத்தில் இல்லை. வெளிச்சம்தான் போதவில்லை. தையல்சிட்டு பத்தடியில் வந்து உட்காரும், ஆனால் காலை ஆறரை மணிக்கு, இலை நிழலுக்குள். வௌவாலோ பொழுது சாய்ந்த பிறகுதான் கிளம்பும். இதை மனதில் வைத்தே மூன்றையும் ஒப்பிடுகிறேன்.

என் ஓட்டு முதலில் பைனாகுலருக்கு. அதுவும் 8×42. 42 மி.மீ. முன்கண்ணாடியை 8 மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல். அரையிருட்டில் விரிந்த நம் கண்மணிக்கு அது சரியாக இருக்கும். கடைகளில் ஆசை காட்டும் 20×50-இல் இதே கணக்கு 2.5 மி.மீ. தான். இருட்டாகவும் தெரியும், கை நடுக்கத்தையும் இருபது மடங்காக்கும். மழைக்காலத்தில் ஒருநாள் ஆறுமணிக்குருவி எங்கள் வேலியோரச் சருகில் தத்திக்கொண்டிருந்தது. கேமராவில் கிடைத்தது கலங்கிய பழுப்பு மட்டும். பைனாகுலரில் அதன் சிவந்த அடிவயிறும் இறக்கையின் நீலமும் நன்றாகத் தெரிந்தன. பைனாகுலரில் பார்த்ததற்குச் சாட்சி இருக்காது, அதுதான் குறை. அசையாமல் உட்கார்ந்த பறவை என்றால் போனின் கேமராவைப் பைனாகுலரில் கண் வைக்கும் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து ஒரு படம் எடுத்துவிடலாம். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிவு போட அது போதும்.

அடுத்தது ஜூம் கேமரா. நிக்கான் பி950-ஐ எடுத்துக்கொண்டால் 83 மடங்கு, குவியத்தூரம் 24 முதல் 2000 மி.மீ. வரை (இந்த எண் கூடக் கூட உருவம் பெரிதாகும்), எடை ஒரு கிலோ. எண்கள் மலைக்க வைக்கும், சில இடங்களில் அவை உண்மையாகவே உதவும். பனைப்பொந்தில் உட்கார்ந்திருக்கும் புள்ளி ஆந்தை, மின்கம்பியில் மீன்கொத்தி, நயினார்குளத்தின் எதிர்க்கரையில் கூழைக்கடா என்று அசையாதவற்றுக்கு, அதுவும் காலை வெயில் ஏறுமுன், இதை அடிக்க ஆளில்லை. ஒன்பது மணிக்கு மேல் குளத்தின் மேல் காற்று நெளியத் தொடங்கிவிடும். அப்புறம் எத்தனை மடங்கு ஜூம் போட்டாலும் அந்த நெளிவைத்தான் பெரிதாக்குகிறோம். இலை நிழலில் இன்னொரு சிக்கல். இந்த வகைக் கேமராவின் சென்சார், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, அதனால் இறகின் கோடுகள் சாயம் பூசியதுபோல் குழைந்துவிடும். பறக்கும் பனை உழவாரனைப் பிடிக்க இதன் ஃபோகஸுக்கு வேகம் போதாது.

அதைப் பிடிக்கப் பெரிய லென்ஸ்தான் வேண்டும். 150-600 மி.மீ. லென்ஸ்களின் எடையே இரண்டு கிலோவை ஒட்டி வரும், கேமரா உடல் தனி. ஆனால் அந்த உடலில் உள்ள சென்சாரின் பரப்பு ஜூம் கேமராவைவிடப் பத்து மடங்குக்கும் மேல். வெளிச்சம் குறைவென்று ஒளி உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 3200 வரை கூட்டினாலும் கொண்டைக்குருவியின் கொண்டை இழை இழையாகத் தெரியும். விலையைத் தவிர இதில் யாரும் சொல்லாத ஒரு சங்கடமும் உண்டு. மொட்டைமாடியில் அவ்வளவு நீளக் குழாயோடு நின்றால் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அது தங்கள் சன்னலைப் பார்ப்பதாகவே படும். நான் முதல் வாரமே எதிர்வீட்டு அக்காவிடம் போய் எடுத்த படங்களைக் காட்டிச் சொல்லிவிட்டேன். மாடிக்கு மட்டும் என்றால் கேனன் ஆர்.எஃப். 100-400 போன்ற, 635 கிராம் எடையுள்ள லென்ஸே போதும்.

வௌவாலுக்கு வந்தால் படம் எடுப்பதில் பெரிய லென்ஸை ஜூம் கேமரா முந்திவிடுகிறது. நெட்டிலிங்கத்தின் அடியில் சப்பித் துப்பிய வாதாம்பழம் கிடந்தால் மேலே குட்டைமூக்குப் பழ வௌவால் வந்துபோகிறது என்று அர்த்தம். பகலில் இலைக்கொத்துக்குள் தொங்கும்போது பைனாகுலரில் அதன் காது ஓரத்து வெள்ளைக் கோடு வரை தெரியும். கீழே நின்று, ஃபிளாஷ் இல்லாமல், ஜூம் கேமராவால் ஓரிரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். குட்டியைச் சுமந்திருக்கும் தாயைப் பகலில் கலைத்துப் பறக்கவிடுவது பெரிய கொடுமை.

ஆற்றங்கரை மருத மரங்களிலிருந்து மாலையில் கிளம்பும் பழந்தின்னி வௌவாலுக்கு இறக்கை விரிப்பு ஒரு மீட்டருக்கும் மேல். அதற்கு நிழலுருவமே அழகு. ஜூமைச் சுருக்கிவிட்டால் ஜூம் கேமராவின் லென்ஸ் எஃப் 2.8 வரை திறக்கும் (இந்த எண் குறையக் குறைய உள்ளே வரும் ஒளி கூடும்), பெரிய லென்ஸ் நீட்டிய நிலையில் எஃப் 6.3-இல் நின்றுவிடும். வானம் வெளிச்சமாக இருப்பதால் சிறிய சென்சாரின் குறையும் அவ்வளவு தெரியாது. வௌவால் கடக்கும் தூரத்தில் உள்ள பனங்கொண்டை ஒன்றில் முன்கூட்டியே ஃபோகஸை நிறுத்திக்கொண்டால் போதும், மேகத்தில் ஃபோகஸ் தேடி அலையாது.

தெருவிளக்கைச் சுற்றும் பூச்சியுண்ணி வௌவால்களைப் படம் பிடிக்க இந்த மூன்றையும் நான் நம்புவதில்லை. நம் காதுக்கு எட்டாத அவற்றின் ஒலியைக் கேட்கவைக்கும் வௌவால் டிடெக்டர்தான் அங்கே சரி. அதே கருவியை நெட்டிலிங்கத்தடியில் பிடித்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது, ஏனென்றால் பழந்தின்னிகள் கண்ணையும் மூக்கையும் நம்பியே இரை தேடுகின்றன.

ஆகவே புதிதாகத் தொடங்குபவர் 8×42 பைனாகுலரை வாங்கி ஒரு வருடம் மாடியில் நிற்கட்டும். பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் வீட்டிலிருந்தே கலந்துகொள்ளவும் அது போதும். அதன் பிறகும் படம் வேண்டும் என்று தோன்றினால், குளக்கரைக்காரருக்கு ஜூம் கேமரா, என்னைப் போல் மர நிழலில் நிற்பவருக்கு 100-400 லென்ஸ்.