எங்கள் தோட்டத்துத் தடுப்பூசி கிளினிக்கும் சின்னமுத்துக் கண்காணிப்பும்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தை ஒட்டிய அறையில் மாதந்தோறும் நடைபெறும் கிளினிக்குக்கு நான்கு ஆண்டுகளாகப் பேத்தியைக் கூட்டிச் சென்றுவருகிறேன். மகளும் மருமகனும் கொழும்பில் வேலை செய்கிறார்கள்.

ஊசி போடும் சேவையை மனதாரப் பாராட்டுகிறேன். ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் போடவேண்டிய, சின்னமுத்து (தட்டம்மை), கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றையும் தடுக்கும் எம்எம்ஆர் ஊசிகளில் இரண்டாவதை நான் மறந்திருந்தபோது, குடும்ப நல உத்தியோகத்தர் தம் பதிவேட்டைப் பார்த்து நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கே (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கே) ஏறிவந்து நினைவூட்டினார். கிளினிக் காலையோடு முடிவதால் கொழுந்தெடுக்கும் தாய்மார் அரைப்பேரை (அரைநாள் சம்பளத்தை) இழந்து வரவேண்டியிருப்பது மட்டுமே குறை.

என் கவலையெல்லாம் நோய் அறிவிப்பைப் பற்றியது. காய்ச்சலோடு தடிப்பு கண்ட பிள்ளையைப் பார்க்கும் மருத்துவர், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், சந்தேகத்தின் பேரிலேயே சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும். அதன் பின்னர்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து விசாரிப்பதும், இரத்த மாதிரி கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போவதும், எண்ணிக்கை தொற்றுநோயியல் பிரிவுக்குச் சேர்வதும் நடக்கும். பேத்திக்கு இரண்டரை வயதில் உடம்பெல்லாம் சிவந்து தடித்தபோது நகரத்தில் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டினோம். அன்பாகப் பேசி மருந்து கொடுத்தார்; அறிவிப்புப் படிவத்தை நிரப்பவில்லை. அது சின்னமுத்தா, வேறு காய்ச்சலா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது, பதிவேட்டுக்கும் தெரியாது. லயத்திலோ தடிப்பு கண்டால் அம்மா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிப் பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்பவர்கள் இன்னும் உண்டு. அந்தப் பக்தியை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைகளும் கணக்கில் வருவதில்லை.

1984இல் தொடங்கிய சின்னமுத்துத் தடுப்பூசியின் பயனாக, 2016 மே மாதத்துக்குப் பின் உள்நாட்டுத் தொற்று இல்லையென்றாகி, 2019 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையைச் சின்னமுத்தை ஒழித்த நாடாக அறிவித்தது. 2023இல் நோய் மீண்டும் பரவியது. நோயாளி வெளியேறிய அறையின் காற்றில்கூட இரண்டு மணிநேரம்வரை கிருமி தங்கும் என்பதால், சுவரோடு சுவராகக் காம்பரா எனும் சிறு வீடுகள் நிற்கும் லயத்தில் நூற்றுக்கு 95 பேருக்காவது இரண்டு ஊசியும் போடப்பட்டிருக்கவேண்டும். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வருபவர்களோடு நோயும் வந்தால், முதல் பிள்ளையை அன்றே அறிந்தால்தான் அடுத்த காம்பராவைக் காக்கலாம்.

தடிப்புக் காய்ச்சல் கண்ட வீட்டார், பிள்ளையைத் தூக்கிவராமல், சொல்லியனுப்பினாலே பெயரைப் பதிவதற்கு ஒரு கொப்பி வைக்குமாறு குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டேன். அடுத்த கிளினிக்கிலிருந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.